கத்தியவரிடம் குண்டு இல்லை

கோலா தெர்லாவை வரைபடத்தில் கண்டுபிடிக்கக் கண்ணைச் சுருக்கித் தேட வேண்டும். கேமரன் மலையின் வடக்குப் பக்கத்தில், திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் நடுவே, சாலையை ஒட்டிக் கிடக்கும் சிற்றூர் அது. சுற்றிலும் காய்கறித் தோட்டங்கள், அவற்றைத் தாண்டினால் தேயிலை. ஆனால் 1958இல் இந்தப் பக்கத்து ஆறுகளின் கணக்கு வாஷிங்டனில் ஒரு மேசைவரை போயிருந்தது. உலக வங்கி மலாயாவுக்குக் கொடுத்த முதல் கடன், 3 கோடியே 56 லட்சம் டாலர், கேமரன் மலை நீர்மின் திட்டத்துக்குத்தான். தெலோம் ஆற்றை மலைக்குள் குடைந்த சுரங்கத்தில் திருப்பி, கிழக்கே பகாங் பக்கம் ஓட வேண்டிய தண்ணீரை மேற்கே பேராக்கில் இறக்கி, வழியில் மின்சாரம் எடுப்பது திட்டம். 100 மெகாவாட் பெரிய நிலையம் கீழே, மலையின் வயிற்றுக்குள் அமைந்தது. கோலா தெர்லாவின் பங்குக்கு வந்தது அரை மெகாவாட்டில் ஒரு குட்டி நிலையம்.

சுதந்திரம் பெற்று ஏறத்தாழ ஓராண்டே ஆன நாடு. காட்டில் இன்னும் துப்பாக்கிச் சத்தம் ஓயவில்லை. அப்படிப்பட்ட இடத்துக்கு வாஷிங்டன் பணம் வந்ததற்கு மலையின் அழகு காரணமல்ல. உலகின் ரப்பரிலும் ஈயத்திலும் பெரும்பங்கு மலாயாவில் இருந்தது. அது யார் பக்கம் நிற்கும் என்பது இரு வல்லரசுகளுக்கும் பெரிய கேள்வி. அந்தக் கேள்விக்கு இந்த நாட்டின் தலைவர்கள் இருபது ஆண்டுகளில் இரண்டு விதமாகப் பதில் சொன்னார்கள். இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

சென்ற இதழில் அவசரகாலத்தின் தொடக்கத்தைப் பார்த்தோம். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த சில நாட்களில் மலாயா முழுவதும் அவசரகாலம். 1949 மே 4 அன்று தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டார். நேருவின் அரசாங்கம் கருணை கேட்டும் பிரிட்டன் இறங்கி வரவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 29இல் சோவியத் ஒன்றியம் தன் முதல் அணுகுண்டை வெடித்தது. அக்டோபர் 1இல் மாவோ சீன மக்கள் குடியரசை அறிவித்தார். ஒரு தோட்டத் தொழிலாளி கூலி உயர்வு கேட்டாலும் அதில் மாஸ்கோவின் கை தெரிகிறதா என்று பார்க்கும் காலம் இப்படித்தான் வந்தது.

கேமரன் மலைக்கு அந்தக் காலம் சோற்றின் வழியாக வந்தது. 1950இல் பிரிக்ஸ் திட்டம் தொடங்கியதும் காட்டோரத்தில் குடியிருந்தவர்கள், பெரும்பாலும் சீனர்கள், முள்வேலிக்குள் குடியேற்றப்பட்டார்கள். நாடு முழுவதும் சுமார் ஐந்து லட்சம் பேர் இப்படிப் புதுக்கிராமங்களுக்குள் போனார்கள். கேமரன் மலையிலும் அவை எழுந்தன. தோட்டத் தமிழர்களின் லயங்களும் வேலிக்குள் ஒடுங்கின. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுக் கொரில்லாக்களைப் பட்டினி போட்டுப் பணியவைப்பதே கொள்கை என்பதால் அரிசிக்கு அளவு உண்டு; டின் உணவைக் கடைக்காரர் துளையிட்டுத்தான் விற்க வேண்டும்; கெடுபிடி கடுமையான வட்டாரங்களில் வேலைக்காட்டுக்கு மதியச் சோறு கட்டிக்கொண்டு போகக்கூடாது. பொழுது விடியுமுன் பிரட்டுக்கு (ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு)ப் போய், கொழுந்துக்கூடையோடு மேடேறி, பகல் முழுக்க வெறும் வயிற்றோடு கொழுந்து கிள்ளிய பெண்களுக்கு ட்ரூமன் யார், ஸ்டாலின் யார் என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்த இருவரின் சண்டை அவர்களுடைய சோற்றுப்பொட்டலத்தை மட்டும் சரியாகக் கண்டுபிடித்துவிட்டது.

1957 ஆகஸ்ட் 31இல் சுதந்திரம். துங்கு அப்துல் ரகுமான் பிரதமர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பாலிங் பள்ளிக்கூடத்தில் மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவர் சின் பெங்கை நேருக்கு நேர் சந்தித்து, 'கட்சியைக் கலைத்துவிட்டு வாருங்கள்' என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தவர். கம்யூனிசத்தின் மீது அவருக்கிருந்த வெறுப்பில் ஒளிவுமறைவு கிடையாது. ஆனாலும் அமெரிக்கா முன்னின்று 1954இல் மணிலாவில் அமைத்த சீட்டோ ராணுவக் கூட்டணியில் அவர் சேரவில்லை. உள்ளூர்க் கணக்கு அதற்குத் தடையாக இருந்தது. நாட்டில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினர் சீனர்கள். பக்கத்தில் சுகர்னோவின் இந்தோனேசியா. ஆசிய-ஆப்பிரிக்க நாடுகள் கூடிய பாண்டுங் மாநாட்டின் சூடு இன்னும் ஆறவில்லை. அமெரிக்கக் குடையை வெளிப்படையாகப் பிடித்தால் வீட்டுக்குள் மழை பெய்யும் என்பது துங்குவுக்குத் தெரியும்.

எனவே பழைய எசமானரோடு ஒரு தனி ஏற்பாடு. 1957 அக்டோபர் 12 அன்று ஆங்கிலோ-மலாயாப் பாதுகாப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. மலாயாவின் பாதுகாப்புக்குப் பிரிட்டன் பொறுப்பு. பதிலுக்கு இங்கே தளங்கள். இந்த ஒப்பந்தத்தில் வக்கீல் மூளை வேலை செய்த ஓர் இடம் உண்டு. மலாயாத் தளங்களிலிருந்து வெளிநாட்டுச் சண்டைக்குப் படை அனுப்ப வேண்டுமானால் மலாயா அரசாங்கத்தின் சம்மதம் வேண்டும் என்று எழுதப்பட்டது. படைகளை மலாயாவிலிருந்து விலக்கிக்கொள்ள மட்டும் பிரிட்டனுக்கு முழு உரிமை. அதாவது, படையைச் சிங்கப்பூருக்கு 'விலக்கி', அங்கிருந்து எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். சீட்டோவில் சேரவில்லை என்று துங்கு நாடாளுமன்றத்தில் சொன்னதும் பொய்யல்ல. சீட்டோவுக்கு இந்த நாடு உதவியது என்று எதிர்க்கட்சிகள் சொன்னதும் பொய்யல்ல.

சிங்கப்பூர் என்ற அந்தப் பின்வாசலில்தான் நம் கதையின் மையம் இருக்கிறது.

தீவின் மேற்கே தெங்கா விமானத் தளம். அங்கே 1962இல் பலத்த காவலுடன் ஓர் ஆயுதக் கிடங்கு தயாரானது. அது கொள்ளக்கூடியது 48 அணுகுண்டுகள். 'ரெட் பியர்ட்', அதாவது செந்தாடி, என்று பிரிட்டிஷார் பெயர் வைத்த வகை. ஒன்று 15 கிலோ டன் அல்லது 25 கிலோ டன் வலிமை கொண்டது. ஹிரோஷிமாவில் போடப்பட்டதும் ஏறக்குறைய 15 கிலோ டன்தான். சீனாவோடு போர் மூண்டால் சீட்டோவின் பெயரால் பிரிட்டன் பயன்படுத்துவதற்காக வைக்கப்பட்டவை. எல்லாமே ரகசியமாக நடந்தது. பல பத்தாண்டுகள் கழித்துப் பிரிட்டிஷ் ஆவணங்கள் திறக்கப்பட்ட பிறகுதான் செய்தி பத்திரிகைகளுக்கு வந்தது.

1962 என்ற ஆண்டே விசித்திரமானது. அந்த செப்டம்பர் 28இல் 83 வயது ராஜாஜி வெள்ளை மாளிகையில் கென்னடியின் எதிரே உட்கார்ந்திருந்தார். அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துங்கள் என்று கேட்கக் காந்தி அமைதி நிறுவனம் அனுப்பிய குழுவின் தலைவர் அவர், கூடவே ஆர். ஆர். திவாகரும் பி. சிவராவும். ஒதுக்கிய நேரத்தைத் தாண்டிப் பேச்சு நீண்டது. சேலத்து வக்கீல் வாதத்தை அடுக்கிய விதத்தில் கென்னடி கட்டுண்டு போனதாகச் சொல்வார்கள். மூன்றே வாரத்தில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள். உலகம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அதே நாட்களில் சீனப்படை இந்திய எல்லையைத் தாண்டியது. அப்போது இந்தியாவுக்குச் சென்ற துங்கு திரும்பி வந்ததும் 'ஜனநாயகத்தைக் காப்போம்' நிதி திரட்டி இந்தியாவுக்கு அனுப்பினார். அணிசேரா நாடுகள் பலவும் வாய்மூடி இருந்த நேரத்தில் சின்னஞ்சிறு மலாயா செய்த காரியம் இது. பெய்ஜிங் அதை மறக்கவில்லை. 1959இலேயே திபெத் விவகாரத்தை ஐ.நா.வில் எழுப்பி அயர்லாந்தோடு சேர்ந்து தீர்மானம் கொண்டுவந்ததும் மலாயாதான்.

1963 ஆகஸ்டில் பகுதியளவு அணுச்சோதனைத் தடை ஒப்பந்தத்தில் மலாயா கையெழுத்திட்டது. அடுத்த மாதம், செப்டம்பர் 16இல், சிங்கப்பூரையும் சபாவையும் சரவாக்கையும் சேர்த்து மலேசியா பிறந்தது. இங்கே நாட்காட்டியைக் கவனிக்க வேண்டும். அன்றிலிருந்து 1965 ஆகஸ்ட் 9இல் சிங்கப்பூர் பிரியும்வரை, ஏறத்தாழ 23 மாதங்கள், தெங்கா மலேசிய மண். சோதனைகூட வேண்டாம் என்று கையெழுத்துப் போட்ட ஒரு நாட்டின் எல்லைக்குள் இன்னொரு நாட்டின் அணுகுண்டுக் கிடங்கு இருந்தது.

இந்த 23 மாதங்களில்தான் சுகர்னோ உச்சக்குரலில் கத்திக்கொண்டிருந்தார்.

மலேசியாவை நசுக்குவேன் என்று அவர் தொடங்கிய 'கொன்ஃப்ரொன்டாசி' எதிர்ப்புப் போர் போர்னியோ காடுகளில் நடந்தது. 1964இல் அவருடைய ஆட்கள் ஜொகூரிலும் வந்து இறங்கினார்கள். அந்த அக்டோபர் 16இல் சீனா லோப் நூரில் தன் முதல் அணுகுண்டை வெடித்தது. அதே மாதம் பாண்டுங்கில் இந்தோனேசியாவின் முதல் ஆராய்ச்சி அணு உலையும் இயங்கத் தொடங்கியது. 250 கிலோவாட் திறன், கொடுத்தது அமெரிக்கா, மாணவர்களுக்குப் பயிற்சி தரவும் மருத்துவத்துக்கான ஐசோடோப்புகள் எடுக்கவும் உதவும் சிறு உலை. அடுத்த மாதமே இந்தோனேசியத் தளபதி ஒருவர், 1965இல் எங்கள் சொந்தக் குண்டு வெடிக்கும் என்று அறிவித்தார். 1965 ஜூலையில் சுகர்னோவே பொதுமேடையில், இறைவன் அருளால் விரைவில் குண்டு செய்வோம் என்று முழங்கினார். பாண்டுங் உலையை வைத்துக் குண்டு செய்ய முடியாது என்பது அணு இயற்பியல் தெரிந்த எவருக்கும் விளங்கும். சீனா கொடுத்து உதவுமோ என்ற அச்சம்தான் வாஷிங்டனையும் கான்பெராவையும் தூங்கவிடாமல் செய்தது. சீனா கொடுக்கவில்லை. ஜகார்த்தாவில் 1965 செப்டம்பர் 30 இரவு நடந்த கலகமும் அதன் பின் ஓடிய ரத்தமும் சுகர்னோவின் அதிகாரத்தோடு அந்தப் பேச்சையும் முடித்துவைத்தன. 1966 ஆகஸ்ட் 11இல் மோதல் முறைப்படி முடிந்தது.

இதற்கிடையில் அணுகுண்டு சுமக்கக்கூடிய விக்டர், வல்கன் விமானங்கள் பிரிட்டனிலிருந்து தெங்காவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் வந்து போயின. அவை எதைச் சுமந்தன, எதைச் சுமக்கவில்லை என்று லண்டன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பதே அச்சுறுத்தல் என்பது அணுயுகத்தின் பாலபாடம். பத்திரிகைகள் கத்தியவரைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதின. அவரிடம் குண்டு இல்லை. கிடங்கு கட்டியவர்கள் வாயே திறக்கவில்லை. மலாயாவின் முதல் பத்து ஆண்டு வெளியுறவுக் கொள்கையின் ஓட்டை இதுதான்: பாதுகாப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டால், உன் வீட்டில் என்ன இருக்கிறது என்பதை அவர் உனக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. துங்குவைக் குறை சொல்வது இன்று எளிது. அவரிடம் கடற்படை என்று சொல்லிக்கொள்ளச் சில படகுகளும், வளர்ந்துகொண்டிருந்த ஒரு சிறு தரைப்படையும்தான் இருந்தன.

கேமரன் மலை இந்தக் காலத்தில் ஒரே ஒருமுறை உலகப் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் வந்தது. 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தாய்லாந்துப் பட்டு வணிகத்தால் புகழ்பெற்ற ஜிம் தாம்ப்சன் என்ற அமெரிக்கர், தானா ராத்தா அருகே நண்பர்களின் 'மூன்லைட்' பங்களாவிலிருந்து பிற்பகலில் நடக்கப் போனவர் திரும்பவில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க உளவுப் படையில் இருந்தவர் என்பதால் கடத்தல், இரட்டை உளவு, கம்யூனிஸ்டு என்று கதைகள் முளைத்தன. போலீஸ், ராணுவம், ஒராங் அஸ்லி பழங்குடி வழிகாட்டிகள், போமோக்கள் என்னும் மலாய் மந்திரவாதிகள் என நூற்றுக்கணக்கானோர் நாட்கணக்கில் தேடியும் ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. வியட்நாமில் அமெரிக்கக் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த ஆண்டு அது. மலையில் ஒரு மனிதர் வழி தவறினாலும் அதற்கு வல்லரசு விளக்கம் தேடப்பட்டது.

திருப்பம் லண்டனிலிருந்து வந்தது. 1968 ஜனவரி 16 அன்று பிரதமர் ஹெரால்ட் வில்சன், சிங்கப்பூர், மலேசியத் தளங்களிலிருந்து 1971 முடிவுக்குள் வெளியேறுகிறோம் என்று அறிவித்தார். கஜானா காலி. ஒப்பந்தம், வாக்குறுதி, நாற்பத்தெட்டு குண்டு எதுவும் பவுண்டின் மதிப்புச் சரிவுக்கு முன்னால் நிற்கவில்லை.

ஒரே வாரத்தில், ஜனவரி 23 அன்று, நாடாளுமன்றத்தின் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். டாக்டர் இஸ்மாயில். உடல்நலக் குறைவால் உள்துறை அமைச்சர் பதவியைவிட்டு விலகியிருந்தவர். அவர் சொன்னது அன்றைக்குப் பலருக்கும் கிறுக்குத்தனமாகப் பட்டது: தென்கிழக்காசியா முழுவதையும் நடுநிலைப் பகுதியாக அறிவிப்போம், அதற்குச் சீனா உட்பட வல்லரசுகள் உறுதிமொழி கொடுக்கட்டும். சீனாவை அங்கீகரிக்கவே இல்லாத அரசாங்கத்தின் சொந்தக் கட்சிக்காரர், சீனாவிடம் உறுதிமொழி வாங்கலாம் என்கிறார்! துங்கு இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எடுத்துக்கொண்டவர் துணைப்பிரதமர் துன் அப்துல் ரசாக். பகாங்காரர், பெக்கானில் பிறந்தவர். துங்குவைப் போல மேடையில் சிரிக்க வைக்கத் தெரியாது. கோப்பு படிப்பவர், கணக்குப் பார்ப்பவர். 1969 மே 13 இனக்கலவரம் நாட்டை உலுக்கியபின் நடைமுறை அதிகாரம் அவர் கைக்கு வந்தது. டாக்டர் இஸ்மாயிலும் அமைச்சரவைக்குத் திரும்பினார். 1970 மார்ச் 5, அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் நடப்புக்கு வந்த அன்றே, மலேசியா அதை உறுதி செய்தது. தெங்காக் கிடங்கு அப்போதும் காலியாகவில்லை, ஆனால் அது இப்போது சிங்கப்பூர் மண். அந்த செப்டம்பரில் லுசாக்காவில் கூடிய அணிசேரா மாநாட்டில் ரசாக் நடுநிலைத் திட்டத்தை மலேசியாவின் கொள்கையாகவே முன்வைத்தார். அதே மாதம் 22இல் பிரதமரானார். (இதே காலத்தில் குடியுரிமை இல்லாத தோட்டத் தமிழர்களின் வேலை அனுமதியில் கை வைக்கப்பட்டு, ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். வெளியே நடுநிலை, உள்ளே வெளியேற்றம். அதற்குத் தனி அத்தியாயம் வேண்டும்.)

1971 நவம்பர் ஒரு வேடிக்கையான மாதம். முதல் தேதியில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூர், மலேசியா சேர்ந்த ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாடு நடப்புக்கு வந்தது. 27ஆம் தேதி கோலாலம்பூரில் ஆசியானின் ஐந்து நாடுகளும் 'அமைதி, சுதந்திரம், நடுநிலைப் பகுதி' பிரகடனத்தில் கையெழுத்திட்டன. ஒரு கையில் பழைய குடை, மறுகையில் குடையே வேண்டாம் என்ற தீர்மானம். ரசாக்குக்கு இதில் கூச்சம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. இந்தோனேசியாவின் ஆடம் மாலிக், பிலிப்பைன்ஸின் ரோமுலோ, தாய்லாந்தின் தனாட் கோமான் ஆகியோருடன் சிங்கப்பூருக்காகக் கையெழுத்திட்டவர் சின்னத்தம்பி ராஜரத்தினம்: வட்டுக்கோட்டையில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த தமிழர். வல்லரசுகள் எல்லாரும் இந்தக் கடலில் இருக்கட்டும், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று எண்ணிய சிங்கப்பூருக்கு நடுநிலைப் பேச்சில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. கையெழுத்து மட்டும் தெளிவாக விழுந்தது.

காற்று ரசாக் பக்கம் வீசியது. அந்த ஜூலையில் அமெரிக்காவின் கிஸிஞ்சர் ரகசியமாகப் பெய்ஜிங் போய் வந்திருந்தார். அக்டோபரில் ஐ.நா.வின் இருக்கை சீனாவுக்கு என்று முடிவானது. 1974 மே 28இல் ரசாக் பெய்ஜிங்கில் இறங்கினார். மாவோவைச் சந்தித்தார். 31இல் நோயாளியான சீனப் பிரதமர் சூ என்லாயும் அவரும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஆசியானில் சீனாவோடு தூதரக உறவு கண்ட முதல் நாடு மலேசியா. அதைவிட முக்கியமானது இரட்டைக் குடியுரிமை செல்லாது என்று சீனா ஒப்புக்கொண்டது. மலேசியச் சீனர்கள் யாருடைய பிள்ளைகள் என்ற கேள்விக்கு அதோடு எழுத்தில் பதில் கிடைத்தது. காட்டில் மிச்சமிருந்த கம்யூனிஸ்டுகளைப் பற்றிக் கேட்டபோது, அது உங்கள் உள்நாட்டு விவகாரம் என்று மாவோவும் சூவும் சொன்னதாக ரசாக் நாடு திரும்பி அறிவித்தார்.

அந்த உள்நாட்டு விவகாரம் உடனே முகம் காட்டியது. ஜூன் 7 அன்று காலை கோலாலம்பூர் நடுவீதியில் நாட்டின் போலீஸ் படைத்தலைவர் அப்துல் ரகுமான் ஹாஷிம் காரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ரசாக் அசையவில்லை. ஆகஸ்டில் பொதுத்தேர்தலை வைத்தார். மாவோவோடு அவர் கைகுலுக்கும் படம் ஆளுங்கட்சியின் தேர்தல் சுவரொட்டியாகச் சீனர்கள் வாழும் பகுதிகளில் ஒட்டப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு முன் மாவோவின் படத்தை வீட்டில் வைத்திருந்தால் விசாரணையில்லாமல் உள்ளே போகலாம். இப்போது அதை ஒட்டியவர்களே அரசாங்கக் கட்சிக்காரர்கள். தேசிய முன்னணி 154 இடங்களில் 135ஐப் பிடித்தது.

ஆனால் பெய்ஜிங் ஒன்றை மட்டும் நிறுத்தவில்லை. 1969 நவம்பர் முதல் சீனாவின் ஹுனான் மாநிலத்திலிருந்து ஒலித்துவந்த 'மலாயாப் புரட்சியின் குரல்' வானொலி, கைகுலுக்கலுக்குப் பிறகும் மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ரசாக்கைத் திட்டிக்கொண்டே இருந்தது. 1976 ஜனவரியில் ரசாக் லண்டனில் இறந்த பிறகும் அது ஓயவில்லை. சீனத் தலைவர் டெங் சியோபிங் சின் பெங்கைக் கூப்பிட்டு நேரில் சொன்ன பிறகே 1981இல் மூடப்பட்டது. அந்த நிலையத்தின் தமிழ்ப் பிரிவை அடுத்த இதழில் பார்ப்போம்.